பத்தொன்பது பூஜ்யங்கள்

புது தில்லி
9.1.2025

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். குளிர்தான் எலும்பு வரைக்கும் போகிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அன்வரி பாபிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? போனில் பேசினால் நான் சொல்வதைவிட நீங்கள் ‘ஆங்? ஆங்?’ என்பதுதான் அதிகமாக இருக்கிறது. அதனால் காகிதத்துக்கே வந்துவிட்டேன். வீட்டில் உருது பேசினாலும் நாம் இரண்டு பேரும் மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதப் படித்தவர்கள்தானே.

பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் நம் நாடு ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதித்தது என்று மறுபடியும் மதிப்பிட ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி. தொழிற்சாலைக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது, ரயிலுக்கு இருக்கிறது. தெருவோரம் செருப்புத் தைத்தவருக்கும் வீட்டுக்குள் அப்பளம் இட்டவளுக்கும் எந்தப் புத்தகமும் கிடையாது. அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய சர்வே படிவங்கள்தான் அவர்களுக்கு ஒரே சாட்சி. ஏதோ ஒரு கிடங்கில் கிடந்த அந்தப் படிவங்களை இப்போதுதான் ஸ்கேன் செய்து அனுப்பினார்கள்.

போன வாரம் 1978ஆம் வருடத்துக் கட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர், கால்வாய்க் கரை, முப்பத்திரண்டு வீடுகள். அடியில் ‘ஹபீபுர் ரஹ்மான்’ என்று கையெழுத்து. கடைசி ‘ன்’னுக்கு ஒரு வால். அப்பா மௌத்தான பிறகு என் ரிப்போர்ட் கார்டில் நீங்கள் போட்ட அதே கையெழுத்து! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டு, “பார், இது என் அண்ணன்” என்று காட்டினேன். எவ்வளவு அழகான படிவங்கள்! அரிசி, கெரசின், வெற்றிலை, பீடி, தாயத்துக்குக் கொடுத்தது வரை எழுதியிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு சந்தேகம். முப்பத்திரண்டு வீட்டிலும் பெண்களின் வருமானம் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்றே இருக்கிறது. ஒரு வீட்டில்கூட ஒரு பெண்ணும் ஒரு காசு சம்பாதிக்கவில்லையா? உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள்.

பாபிக்கும் பிள்ளை ஃபராஸுக்கும் என் சலாம்.

உங்கள் தங்கை,
தஹ்சீன்

*

கே.கே. நகர்
3.2.2025

அன்புத் தங்கை தஹ்சீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மாடிப்படியில் மட்டும் பேசுகிறது. அன்வரிக்குச் சர்க்கரை நூற்று நாற்பது. ஃபராஸுக்கு ஆபீஸில் பதவி உயர்வு வந்திருக்கிறது.

உன் கடிதத்தை அன்வரிக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் காகிதங்கள் இன்னும் இருக்கின்றன என்பதே எனக்கு ஆச்சரியம். கரையானுக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்போது எங்களுக்கு ஒரு சைக்கிள் அலவன்ஸும், ஒரு ரெக்ஸின் பையும் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம். முப்பது நாளில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வாங்கினீர்கள் என்று கேட்க வேண்டும். யாருக்கு முப்பது நாள் நினைவிருக்கும்? அதனால் நேற்றிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் போவேன். நேற்று என்ன குழம்பு, முந்தாநாள் யார் வந்தார்கள், வெள்ளிக்கிழமை கறி எடுத்தீர்களா? அப்படிக் கேட்டால் ஜனங்கள் சரியாகச் சொல்வார்கள். மற்ற கள ஆய்வாளர்கள் ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிப்பார்கள். நான் மூன்றுதான்.

தில்லிக் குளிரில் காலைநடை போகாதே. நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள்.

துஆவுடன்,
ஹபீபுர் ரஹ்மான்

*

புது தில்லி
10.2.2025

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் ஆறாம் நாள் கிடைத்தது. ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். ஃபராஸுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.

‘நேற்றிலிருந்து பின்னால் போவேன்’ என்று எழுதியிருந்தீர்களே, அதைக் குழுவில் படித்துக் காட்டினேன். ஒரு பெரியவர், “இதைப் பாடமாகவே வைக்கலாம்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லையே, பாய்ஜான். மறந்திருப்பீர்கள். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படிவம் முழுக்கக் கறுப்பு மை. பெண்கள் வருமானக் கட்டங்கள் பலவற்றில் மட்டும் நீல மை. அந்த நீலத்துக்கு அடியில் வேறு எண்கள் இருந்த மாதிரி தெரிகிறது.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். சென்னையில் அன்று எல்லா வீட்டுக்கும் யாரும் போகவில்லை. சில வீடுகளைத்தான் பொறுக்கி எடுத்துக் கேட்டார்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய நானூறு வீடுகளுக்காகப் பேசுகிறது. அங்கே ஒரு பெண்ணுக்குப் பூஜ்யம் என்றால் நானூறு பெண்களுக்குப் பூஜ்யம்.

நினைவிருப்பதைச் சொன்னால் போதும்.

பாபிக்குச் சலாம்.
தஹ்சீன்

*

கே.கே. நகர்
20.3.2025

அன்பு தஹ்சீனுக்கு பாபி அன்வரி எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். ரம்ஜான் முபாரக். நீ நலமாக நோன்பு வைக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு டாக்டர் நோன்பு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் எழுதுகிறேன். உன் அண்ணனுக்கு அப்படி என்ன எழுதினாய்? உன் இரண்டாவது கடிதம் வந்த நாளிலிருந்து ஒழுங்காகப் பேசுவதில்லை. நோன்பு திறக்கும்போது இரண்டு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் மதியம் லுஹர் தொழுகைக்குத்தான் திரும்புகிறார். எழுபத்திரண்டு வயதில், நோன்போடு, இந்த வெயிலில்! எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், “வேலை கீது” என்கிறார். ரிட்டயர் ஆகிப் பதினான்கு வருடம் ஆகிறது, என்ன வேலை?

ஃபராஸின் சிநேகிதன் ஒருத்தன் அவரை மயிலாப்பூரில், பறக்கும் ரயில் தூணுக்குக் கீழே பார்த்தானாம். “ஆன்ட்டி, அங்கிள் யாரோ கிழவிங்ககூட குந்திக்கினு எழுதிக்கினு இருந்தாரு” என்றான்.

பெரிய ரகசியம் எதுவும் இருந்தால் எனக்குச் சொல். நாற்பத்திரண்டு வருடம் குடித்தனம் செய்துவிட்டேன், இனிமேல் எதற்கும் பயமில்லை.

உன் பாபி,
அன்வரி பேகம்

*

புது தில்லி
26.3.2025

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாபி எழுதியிருந்தார். என்னை மன்னித்துவிடுங்கள். நான் கேட்டதை மறந்துவிடுங்கள். ஒரு கட்டு போனால் போகட்டும். அதை ‘சந்தேகத்துக்குரியது’ என்று குறித்து ஒதுக்கி வைத்துவிடுகிறேன், யாரும் கேட்க மாட்டார்கள். வெயிலில் அலையாதீர்கள்.

ஈத் முபாரக்.
தஹ்சீன்

*

கே.கே. நகர்
14.4.2025

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஈத் நல்லபடியாகக் கழிந்தது. அன்வரி நீ அனுப்பிய துப்பட்டாவைத்தான் போட்டுக்கொண்டாள்.

‘சந்தேகத்துக்குரியது’ என்று எழுதாதே. அந்தக் கட்டில் சந்தேகமே இல்லை. பூஜ்யங்கள் பொய். எழுதியவன் நான்.

முப்பத்திரண்டு வீடுகளில் பத்தொன்பது பெண்களுக்கு வருமானம் இருந்தது. நான் கறுப்பு மையில் எழுதினேன். கோமளம் என்று ஒரு பெண், இருபத்தெட்டு வயதிருக்கும். விடியற்காலை வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்பாள். புருஷன் ரிக்‌ஷா இழுத்துக் கொண்டுவந்ததும் இவள் இட்லியில் மிச்சம் பிடித்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அமீனா பீ சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள், டஜனுக்கு இவ்வளவு என்று. மற்றவர்கள் கவர் ஒட்டினார்கள், வறட்டி தட்டினார்கள். எல்லாவற்றையும் எழுதினேன்.

சூப்பர்வைசர் படிவங்களைத் திருப்பி அனுப்பினார். “பொம்பளைங்க வூட்ல குந்திக்கினு செய்யறதெல்லாம் ஒரு வேலையா? நீ ஒருத்தன் இப்படி எழுதினா என் ஏரியா கணக்கு மட்டும் தனியா நிக்கும். மேல கேப்பாங்க. அடிச்சிட்டு ஸைபர் போடு” என்றார். நான் மறுபடி போய் விசாரித்து அதே எண்களைக் கொடுத்தேன். இரண்டாவது முறையும் திரும்பியது. மூன்றாவது முறையும் அதே எண்களைக் கொண்டுபோனபோது என்னை எதிரே உட்கார வைத்து, “ரஹ்மான், உன் டெம்பரரி ஆர்டர் இந்த மாசத்தோட முடியுது, தெரியுமில்ல?” என்றார். தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அதுதான் நீல மை. அவர் மேஜையிலேயே உட்கார்ந்து பத்தொன்பது கட்டங்களிலும் நான் அடித்து எழுதினேன். ஒரு கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அது ஜூன் மாதம். அவ்வளவுதான்.

இப்போது என்ன செய்கிறேன் என்று அன்வரி உன்னிடம் கேட்டாளாம். அந்த ஜனங்களைத் தேடுகிறேன். ரயில் பாதை போட்டபோது குடிசைகளை எடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் பக்கத்திலேயே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருக்கிறார்கள். இதுவரை பதினொரு வீடு கிடைத்திருக்கிறது. முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஹபீபுர் ரஹ்மான்

*

புது தில்லி
21.4.2025

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். ‘அது ஜூன் மாதம், அவ்வளவுதான்’ என்று எழுதிவிட்டீர்கள். 1978 ஜூன் எனக்குத் தெரியாதா? காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள் இருபத்தெட்டாம் தேதி. மாமூமார் எல்லோரும், “பொண்ணுக்கு எதுக்குப்பா காலேஜ், நிக்காஹ் பண்ணிடு” என்று சொன்னார்கள். இருபத்தேழாம் தேதி சாயங்காலம் பணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, “ஆபீஸ்ல அரியர்ஸ் வந்துச்சு” என்றீர்கள். வேலை நீடித்தது என்று காட்டித்தானே யாரிடமோ கடன் வாங்கினீர்கள்? நான் அந்தப் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பாவாடையை இஸ்திரி போட்டேன்.

மூன்று தடவை உண்மையை எழுதிக் கொடுத்த ஒரு கள ஆய்வாளரை நான் என் முப்பத்தைந்து வருட வேலையில் பார்த்ததில்லை. நான்காவது தடவை உங்களைத் தடுத்தது நான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். உங்கள் முப்பத்திரண்டு வீடுகளையும் எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். மொத்தத்தில் ஒன்றும் மாறவில்லை. சந்தோஷப்படுவதா என்று யோசித்தேன். பிறகுதான் ஏன் மாறவில்லை என்று தேடினேன். அந்த வருடம் சென்னையில் எடுத்த அறுபது கட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஐம்பத்தொன்றில் எல்லாப் பெண்களுக்கும் பூஜ்யம். பலவற்றில் கறுப்புக்கு மேல் நீலம். சிலர் கறுப்பில் எழுதவே சிரமப்படவில்லை, முதலிலேயே பூஜ்யம் போட்டுவிட்டார்கள்.

நான் 1998இல் எழுதிய புத்தகம் உங்களிடம் இருக்கிறது. அதில் பதினான்காம் அட்டவணைதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சென்னை நகரத்து ஏழைப் பெண்கள் எண்பதுகளில்தான் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள் என்று அது சொல்கிறது. அதற்கு முன்னால் பூஜ்யம் என்பதற்கு என் ஆதாரம் இந்த சர்வேயின் மொத்த எண்கள்தான். படிவங்களை அப்போது நான் பார்க்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. நம் தெருமுனையிலேயே அமீனா பீ மாதிரி எத்தனை பேர் இருந்தார்கள், பாய்ஜான். அவர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நான் அந்தப் பூஜ்யத்தை நம்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள்.

தஹ்சீன்

*

கே.கே. நகர்
22.5.2025

அன்புத் தங்கை தஹ்சீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அன்வரிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “இதுக்குத்தானா இவ்ளோ ஆட்டம்? நான் வேற பொண்டாட்டியோன்னு பார்த்தேன்” என்று சிரித்தாள். இப்போது எனக்கு மோர் பாட்டில் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள்.

கடன், பணம் பற்றி எழுதாதே. அது முடிந்துபோன விஷயம்.

பதினொரு வீடுகளின் விவரம் இத்துடன் வைத்திருக்கிறேன். கோமளம் இருக்கிறாள். மூன்றாம் மாடி, எழுபத்தைந்து வயது, கண் நன்றாகத் தெரிகிறது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“இன்னா பாய், சைக்கிள் இன்னா ஆச்சு?”

“வித்துட்டேன்மா. ஒரு கணக்குக் கேக்கணும். அந்தக் காலத்துல ஒரு நாளைக்கு எத்தினி இட்லி வித்தே?”

“ஐய, அம்பது வருசம் கயிச்சு வந்து கேக்கறியே! அப்பவே சொன்னேன், எழுதிக்கினியே?”

நான் அதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கேட்டேன். அங்கிருந்து ஆரம்பித்தோம். அடுப்பு கிழக்கே பார்த்து இருந்தது. ஒரு தட்டுக்கு எத்தனை குழி, காலையில் எத்தனை ஈடு, மழை நாளில் எத்தனை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். நூற்றிருபது இட்லி, ஒன்று பத்துப் பைசா. அரிசி, உளுந்து, விறகு போக நாளுக்கு நான்கு ரூபாய் நிற்கும். புருஷன் கொண்டுவந்தது ஐந்து ரூபாய், அதுவும் அவன் கொண்டுவந்த நாளில். நான் அன்று எழுதியதும் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அவள் எட்டிப் பார்த்து, “இன்னா யோசிக்கிறே? மொதலாளின்னு போடு. எனுக்கு மேல எவன் இருந்தான்?” என்றாள். அப்படியே போட்டிருக்கிறேன்.

அமீனா பீ இறந்துவிட்டாள். அவள் மகள் தபஸ்ஸும் என்பவள் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு சரி என்று தெரியவில்லை, ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

இது உனக்குப் பயன்படுமா?

ஹபீபுர் ரஹ்மான்

*

புது தில்லி
18.8.2025

அன்புள்ள பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று மாதம் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை விடவில்லை, குடை இரண்டு தொலைத்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பியதைப் பயன்படுத்த முடியாது. இதை உங்களுக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நாற்பத்தேழு வருடம் கழித்துப் பதினொரு வீடுகள் சொன்னதை வைத்து ஒரு நாட்டின் வருமானத்தில் நான் எண் சேர்த்தால், அதுவும் அந்த நீல மை மாதிரிதான். உங்களுக்கு இது புரியும். ஓரத்தில் ‘எவ்வளவு சரி என்று தெரியவில்லை’ என்று எழுதியவர் நீங்கள்.

அதனால் குழுவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அந்த இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள், காலியாக விடுங்கள். பூஜ்யம் என்றால் ‘இல்லை’ என்று அர்த்தம். காலி என்றால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அர்த்தம். ஸ்கேன்களைச் சுவரில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், வருத்தப்பட்டார்கள். ஆனால் காலியிடத்தைக் கூட்ட முடியாதே என்றார்கள். “மேடம், மொத்தம் என்று ஒரு எண் வேண்டும், இந்த வருடத்துக்குள் வேண்டும்.” ஜூலை மாதம் பூராவும் இதே பேச்சு. கடைசியில் நான் விலகிக்கொண்டேன். குழுவின் அறிக்கை என் பெயர் இல்லாமல் வரும்.

ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. என் சொந்த அட்டவணை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு ஆய்விதழில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். ‘இந்த அட்டவணையின் அடிப்படை தவறு. சென்னைப் பெண்கள் எண்பதுகளுக்கு முன்பும் சம்பாதித்தார்கள். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று இருபத்தேழு ஆண்டுகள் சொன்னதற்கு வருந்துகிறேன்.’ கடைசியில், உண்மையை மூன்று முறை எழுதிக் கொடுத்த ஒரு கள ஆய்வாளருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொல்வீர்கள், அதனால் கேட்காமலே போட்டுவிட்டேன். பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

பழைய மாணவர்கள் சிலர் போன் செய்து துக்கம் விசாரிப்பது மாதிரிப் பேசினார்கள். ஆனால் எனக்கு நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது.

கோமளத்திடம் பூஜ்யம் பற்றிச் சொன்னீர்களா?

தஹ்சீன்

*

கே.கே. நகர்
2.9.2025

அன்புத் தங்கை தஹ்சீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். நேற்று ஒரு மழை அடித்தது. அன்வரி உன்னை இளைத்துவிடாதே என்று எழுதச் சொன்னாள்.

உன் ஒன்றரைப் பக்கத்தை இங்கிலீஷிலேயே இரண்டு தடவை படித்தேன். பிறகு ஃபராஸைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தைகூட விட்டுவிட்டேனா என்று பார்க்கச் சொன்னேன். உன் புத்தகம் வந்தபோது நான் பெருமைப்பட்டேன். ஆனால் அதைத் தெருவில் நான்கு பேருக்குக் காட்டியதில்லை. இதைக் காட்டினேன். பள்ளிவாசலில் பக்கத்தில் தொழுபவருக்குக்கூடக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அனுப்பிய எண்களை நீ சேர்க்காதது சரி. நீ சேர்த்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

கோமளத்திடம் சொன்னேனா என்று கேட்டிருந்தாய். சொல்லவில்லை. மே மாதம் உன்னிடமும் ஒன்றை மறைத்தேன். அன்று சூப்பர்வைசர் மேஜையில் எழுதி முடித்த மறுநாள் காலை நான் கால்வாய்க் கரைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. அவள் என்னைப் பார்த்ததும், “பாய், என் கணக்கு மேல போய்ச்சா? கவர்மெண்ட்ல என் பேரு கீதா?” என்று கேட்டாள். நான் “கீது” என்றேன். அவள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அதைச் சொன்னாள். படிவத்தில் எழுதியதை ஆபீஸ் பொய் என்று சொல்லிக்கொள்ளலாம். இது என் பொய்.

போன சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாடி வராந்தாவில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோர் எதிரிலும் சொன்னேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். “அப்போ நான் சும்மா குந்திக்கினு துன்னேன்னு எழுதினியா? மூணு பசங்கள எவன் துட்டுல வளத்தேன்? அந்த நெருப்புல வெந்தது யாரு, நீயா?” அவள் குரல் கீழே தெரு வரைக்கும் கேட்டிருக்கும். என் காதுக்கே நன்றாகக் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நான் எதற்கு எழுதினேன் என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். தங்கச்சி காலேஜுக்கு என்று சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து, “படிச்சாளா?” என்றாள்.

“படிச்சா. டில்லியில புரொபசரா இருந்தா.”

“ஒயுங்கா முட்ச்சாளா, பாதியில கண்ணாலம் கட்டிக்கினு போய்ட்டாளா?”

“முடிச்சாம்மா. அதுக்கு மேலயும் படிச்சா.”

அப்போதுதான் உன் காகிதத்தை எடுத்து, நீ எழுதியதைத் தமிழில் சொன்னேன். தப்பு என்று உன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாய், அதற்காகக் குழு வேலையை விட்டுவிட்டாய் என்று சொன்னேன். காகிதத்தை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாதவள், விரலால் வரி வரியாகத் தடவினாள். “இதுல என் பேரு எங்க கீது?” என்றாள். அவள் பெயர் அதில் இல்லை, சென்னைப் பெண்கள் என்றுதான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். அந்த வரியைக் காட்டினேன்.

“சரி” என்றாள். “அவ படிச்ச படிப்புல என் பங்கும் கீதில்ல? அவள வரச் சொல்லு. நான் பாக்கணும்.”

தஹ்சீன், டிசம்பரில் பள்ளி விடுமுறை நெரிசலுக்கு முன்னால் வருகிற மாதிரி டிக்கெட் போட்டுவிடு. நீ வருவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் நான் இரண்டாவது பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

அல்லாஹ் உன்னை நலமாக வைப்பானாக.

உன் அண்ணன்,
ஹபீபுர் ரஹ்மான்